செருப்பு என்றே எழுதுங்கள்

நாலு பேர் கூடும் இடத்தில் ‘செருப்பு’ என்ற சொல்லை எடுக்கக் கூடாது என்று ஒரு நாகரிகம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் ‘காலணி’ என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பழைய மனிதராக இருந்தால் ‘பாதரட்சை’ என்பார். மேடையில் வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டவர் உடனே ‘மன்னிக்கணும்’ என்று சேர்த்துக்கொள்கிறார். கதை எழுதி அனுப்பினால் மெய்ப்புப் பார்ப்பவர் செருப்பை அடித்துவிட்டுக் காலணி என்று திருத்தி வைக்கிறார். செய்தித்தாளில் ‘காலணி வீச்சு’, கோயில் வாசலில் ‘காலணிகளை இங்கே விடவும்’, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘விலையில்லா காலணி’. ஏன் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்கிறார்கள்: அது கொச்சை; அது வசவு; அது கேட்பவர் மனத்தைப் புண்படுத்தும். மூன்றையும் நான் மறுக்கிறேன். முதலிரண்டும் அறியாமையால் வந்தவை. மூன்றாவது அப்படியல்ல. அது ஒரு பெரிய அநியாயத்தின் தடத்தை அழிக்கிறது.

கொச்சை என்ற காரணத்தை முதலில் முடித்துவிடலாம். புறநானூற்றின் 257ஆம் பாட்டில், ஒரு வீரன் தன் பகைவருக்கு எப்படிப்பட்டவன் என்று சொல்ல வந்த புலவர், செருப்புக்குள் புகுந்துகொண்ட சிறு பரற்கல்லை அவனுக்கு உவமையாக்குகிறார். கட்டாந்தரையில் நடந்தவருக்கு அந்த உவமையின் அருமை தெரியும். பெரிய கல்லைக் கண்டால் ஒதுங்கிப் போகலாம். உள்ளங்காலுக்கும் செருப்புக்கும் நடுவே மாட்டிய பரல் ஒவ்வோர் அடிக்கும் குத்தும், நின்று குனிந்து எடுக்கும்வரை விடாது. வீரனைப் புகழும் பாட்டு இது. புகழ்ச்சிக்குத் தகாத சொல் என்று அந்தப் புலவர் செருப்பை ஒதுக்கவில்லை.

பதிற்றுப்பத்தின் 21ஆம் பாட்டு இன்னும் சுவையானது. பல்யானைச் செல்கெழு குட்டுவன் என்ற சேர மன்னனைப் பாலைக் கௌதமனார் பாடுகிறார். அவன் பூழியர் தலைவன். பூழியர் நாட்டில் ஒரு மலை; அதன் பெயர் செருப்பு. கேட்பவர் காலில் போடும் செருப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று, மிதிப்பதற்கு ஆகாத செருப்பு என்னும் பொருள்பட ஓர் அடைமொழி சேர்த்துவிடுகிறார் புலவர். இந்த நயம் விளங்க வேண்டுமானால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் காலில் போடும் பொருள்தான் முதலில் மனத்துக்கு வர வேண்டும். ஒரு மன்னனின் முன்னால், அவன் நாட்டு மலையையும் காலில் மிதிபடும் தோலையும் ஒரே சொல்லில் வைத்து விளையாட ஒரு புலவருக்குக் கூச்சம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்குச் சற்று முன்பின்னாக நிற்கும் இலக்கியம் இது. இதில் இருக்கும் சொல்லைக் கொச்சை என்பவர், எதைச் செந்தமிழ் என்று வைத்திருக்கிறார்?

அக்காலத்தில் வேறு பெயர்களும் வழங்கின. பெரும்பாணாற்றுப்படை அடியை மறைத்துக் காக்கும் அரண் என்ற பொருளில் ஒரு பெயர் தருகிறது. ‘தொடுதோல்’ என்றும் சொல்கிறது. அதே நூலில் வரும் ஆயனின் கால், செருப்பு வார் அழுத்தி அழுத்தி வடுப்பட்டுப்போன வலிய கால். உழைப்பவனின் காலை அவ்வளவு கிட்டே போய்ப் பார்த்த கண் கடியலூர் உருத்திரங்கண்ணனாருடையது. அவருக்கும் அது சொல்லத் தகாத பொருளாகப் படவில்லை.

சொல்லின் வயது இலக்கியத்தைவிடப் பெரியது. தமிழில் செவி என்பது கன்னடத்தில் கிவி. நம் சேரி அங்கே கேரி. அதே வழியில் நம் செருப்பு அங்கே கெர, கெரவு. மலையாளத்தில் செருப்பு, தெலுங்கில் செப்பு. இந்த மொழிகள் பிரிந்து தனித்தனியே போவதற்கு முன்பே காலடியில் கிடந்த சொல் இது. ‘காலணி’யைப் பிரித்துப் பாருங்கள்: காலுக்கு அணி. சிலம்பும் காலணிதான், தண்டையும் கழலும் காலணிதான். அழகுக்குப் போடுவதை அணி என்போம். முள்ளுக்கும் வெயிலுக்கும் போடுவதற்கு அந்தப் பெயரை ஏற்றியது நாம்.

இலக்கியம் இருக்கட்டும், தெய்வ சந்நிதியில் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சந்நிதியில்தான் இந்தச் சொல் தினமும் ஒலிக்கிறது. திருவாசகத்தில் திருத்தோள்நோக்கம் பாடும் மாணிக்கவாசகர் கண்ணப்பரின் பூசையைச் சொல்லும்போது, செருப்பு அணிந்த அவருடைய சீரடியைத்தான் முதலில் வைக்கிறார். வாயே கலசம், ஊனே அமுது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சேக்கிழார் அதையே விரித்துச் சொன்னார். இறைவன் முடிமேல் கிடந்த பூவையும் இலையையும் கண்ணப்பர் செருப்புக் காலால் தள்ளிவிட்டுத் தாம் கொண்டுவந்ததைப் படைத்தார் என்று எழுதினார். சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சர். எது அவைக்குத் தகும், எது தகாது என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தேதான் எழுதினார். அந்தச் செருப்பை மறைத்தால் கண்ணப்பர் கதையில் கதையே இல்லை. ஆசாரம் அறியாத ஒரு வேடனின் அன்பு ஆசாரத்தையெல்லாம் மிஞ்சியது என்பதுதானே அங்கே பேச்சு? இன்று ஓதுவார் அந்தத் திருவாசகப் பதிகத்தைப் பாடும்போது யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. வெளியே வந்தால் மட்டும் ‘என் செருப்பு எங்கே’ என்று கேட்க நாக்குக் கூசுகிறது.

இங்கே எதிர்த்தரப்பார் ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். இராமன் காலில் இருந்ததற்குப் பாதுகை என்று பெயர். அது அரியணையில் ஏறிப் பதினான்கு ஆண்டு ஆண்டது. வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகைக்கு ஆயிரத்தெட்டுச் சுலோகம் பாடினார். அதைச் செருப்பு என்று யாரும் சொல்வதில்லையே, அப்படியானால் உயர்ந்ததற்கு ஒரு சொல், தாழ்ந்ததற்கு ஒரு சொல் என்று முன்னோரே வகுத்துவிட்டார்கள் அல்லவா? வகுத்தது உண்மை. ஆனால் எதை வைத்து வகுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பாதுகை பெரும்பாலும் மரம், செருப்பு தோல். கம்பர் குகனை அறிமுகம் செய்யும்போது தோற்செருப்பு மாட்டிய பெருங்கால் உடையவன் என்கிறார். பொருள் வேறு என்பதால் பெயரும் வேறாக இருந்தது. பிறகு மரம் உயர்ந்தது, தோல் தாழ்ந்தது என்று ஆனது எப்படி? தோலைத் தொட்டவர்களைத் தாழ்த்தியதால்தான். சொல்லில் குறை எதுவும் இல்லை. அந்தத் தோற்செருப்புக் காலனைத்தான் இராமன் தம்பி என்று தழுவிக்கொண்டான். கம்பர் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவனைக் காட்டவில்லை.

இரண்டாவது காரணமான வசவைப் பின்னால் பார்க்கலாம்; இனி மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான். ‘செருப்பு என்றால் சிலருக்கு அவமானமாக இருக்கும்; அவர்களை மதித்துத்தான் மாற்றிச் சொல்கிறோம்’ என்கிறார்கள். யாருக்கு, எதனால் அவமானம் வந்தது என்று திரும்பிப் பார்ப்போம்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். இந்தியச் சாதி அமைப்பு பற்றிய தம் நூலில் மானிடவியலாளர் ஹட்டன் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆணின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. எட்டாவது தடை: வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது.

இந்தப் பட்டியலில் செருப்பு யாரோடு இருக்கிறது என்று கவனியுங்கள். தங்கம், சட்டை, பூ, குடை. விதித்தவர்கள் கண்ணில் செருப்பு இழிவான பொருளாக இருந்திருந்தால் அதை ஏன் மறுத்தார்கள்? இழிந்தது என்றால் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்களே. அது மானத்தின் அடையாளம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பிடுங்கினார்கள். ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற வழக்கம் தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் இருந்தது. சுதந்திரம் வந்தும் போகவில்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தும் போகவில்லை. 2023ஆம் ஆண்டின் கடைசியில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பகுதியின் ராஜாவூரில், அதுவரை செருப்போடு நடக்கவிடாத தெருவில் பட்டியல் சாதி மக்கள் கூட்டமாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து காட்டினார்கள். நிலவில் இந்தியக் கலம் இறங்கிய ஆண்டு அது.

அவமானம் அந்தச் சொல்லில் இல்லை. செருப்பைக் கையில் எடுக்க வைத்ததில் இருக்கிறது. வெறுங்காலில் வெயிலில் நடக்க வைத்ததில் இருக்கிறது. செருப்புத் தைத்துக் கொடுத்தவனையே செருப்புப் போடவிடாமல் தடுத்ததில் இருக்கிறது. இந்த அவமானத்தைச் செய்தவர்கள் வெட்கப்பட வேண்டும். அவர்களுக்குப் பதிலாகச் சொல்லை வெட்கப்பட வைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோம். செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று ஒரு பழமொழி உண்டு. இங்கே சாதிக்காகச் சொல்லைத் தறிக்கிறார்கள்.

பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் தொழிலாளிக்காக எழுதிய பாட்டில், அவனுக்கு இல்லாதவை என்று எண்ணத் தொடங்கும்போதே காலுக்குச் செருப்பையும் வயிற்றுக்குக் கூழையும் சேர்த்துச் சொல்கிறார். கூழும் செருப்பும் ஒரே தட்டில் நின்றன. ஊர் ஊராகக் கூட்டங்களில் அதைப் பாடினார்கள். அந்த இடத்தில் ‘காலணி’யை வைத்துப் பாடிப் பாருங்கள். பசித்தவன் குரல் போய், விண்ணப்பம் எழுதுகிறவன் குரல் வந்துவிடும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை நான் தாண்டிப் போக விரும்பவில்லை. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். குடியிருப்பு என்று மட்டுமே பொருள்பட்ட சொல் தமிழ்நாட்டில் சாதி அடையாளமாகி, வசையாகி நின்றது. அதை நீக்கியதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அப்படியானால் செருப்புக்கும் அதே நியாயம்தானே என்று கேட்கிறார்கள். இல்லை. ‘காலனி’ மனிதர்கள்மேல் ஒட்டிய பெயர். ‘காலனிக்காரன்’ என்றால் அவன் ஊருக்கு வெளியே என்று பொருள். அந்தப் பெயரை அவர்கள் விரும்பி வைத்துக்கொள்ளவில்லை. மனிதரைப் பிரித்துக் காட்டும் பெயர் போக வேண்டும். செருப்பு ஒரு பொருளின் பெயர். அந்தப் பொருளை எல்லாரும் போட வேண்டும், அதைச் செய்தவரின் கை மதிக்கப்பட வேண்டும் என்பதே போராட்டம். போராடிப் பெற்ற பொருளின் பெயரை, பெற்ற பிறகு கெட்ட சொல் என்று ஒதுக்குவது எப்படி மரியாதை ஆகும்?

மாற்றிச் சொல்வதால் வசவு குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்போம். சாதி சொல்லித் திட்டுகிறவன் அகராதி பார்த்துத் திட்டுவதில்லை. தெருவில் சண்டை வந்தால் ‘காலணியால் அடிப்பேன்’ என்று யாரும் கத்துவதில்லை. நடந்தது வேறு. நல்ல இடங்களிலிருந்தெல்லாம் செருப்பை எடுத்துவிட்டோம். கடைப் பலகையில் ஃபுட்வேர், வீட்டில் பிள்ளைகளுக்கு ஸ்லிப்பர், சேண்டல்ஸ், செய்தியில் காலணி. வசவு ஒன்றுக்கு மட்டும் செருப்பை மிச்சம் வைத்திருக்கிறோம். வசவில் மட்டுமே கேட்கும் குழந்தைக்கு அது வசவாகத்தான் தெரியும். வீட்டிலும் பள்ளியிலும் கடையிலும் இயல்பாகப் புழங்கும் சொல்லுக்கு அந்தக் கறை நிலைக்காது. கழுத்தும் கையும் அடிதடியில் வருகிற சொற்கள்தாம். நகைக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அவை வருவதால் யாரும் கூசுவதில்லை.

இதைவிடக் கொடியது செய்தித்தாள் செய்வது. ஒருவர் கழுத்தில் செருப்பு மாலை போட்டு ஊர்வலம் விடுகிறார்கள். அச்சில் அது ‘காலணி மாலை’ ஆகிறது. வாசகருக்குப் புண்படக் கூடாது என்று சொல்லை மென்மையாக்குகிறார்கள். கழுத்தில் விழுந்தது மென்மையாக விழவில்லையே? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் கழுத்தில் செருப்பு மாலை போடுவதைப் பெயர் சொல்லியே குற்றமாகச் சேர்த்தது. சட்டமே கண் திறந்து பார்க்கும் கொடுமையை மொழி ஏன் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்?

பெரியார்மேல் 1944இல் கடலூரில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவர், ஒற்றைச் செருப்பு யாருக்கும் பயன்படாது என்று வண்டியைத் திருப்பச் சொல்லி இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார் என்பார்கள். பின்னாளில் அந்த இடத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. எறிந்தவர் அதை அவமானம் என்று நினைத்து எறிந்தார். பெரியார் அதில் ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்தார். பொருளைப் பொருளாகப் பார்ப்பது என்றால் இதுதான்.

சொல்லின் நுட்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செருப்பு என்றால் குதிகால் திறந்திருக்கும். வாரில் விரலை நுழைத்தால் போட்டாயிற்று, வாசலில் காலை உருவினால் கழற்றியாயிற்று. படியேறும்போதெல்லாம் கழற்றி விட்டுத்தான் உள்ளே போவது என்று வாழும் மக்களுக்கு, நம் வெயிலுக்கு, நம் மழைச் சேற்றுக்கு அமைந்த வடிவம். ஷூ வேறு, பூட்ஸ் வேறு. இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் வேண்டிய இடத்தில் காலணி இருக்கட்டும். தொழில் அறிக்கையிலும் ஏற்றுமதிக் கணக்கிலும் அது உதவும். செருப்பின் இடத்தில் அதை உட்கார வைத்தால் எது என்று தெரியாமல் போகிறது. ‘காலணியை வாசலில் விட்டார்’ என்று எழுதினால் அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தாரா, நடந்தபடியே உதறினாரா? ஈழத் தமிழர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். மூடியது சப்பாத்து, போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். திறந்தது செருப்பு. இரண்டையும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள்.

சொல்லோடு தொழிலின் அறிவும் போகிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலைப் பதப்படுத்துவது நம் மண்ணின் பழைய கலை. ஆவாரம்பட்டையில் ஊறிய தென்னாட்டுத் தோல் கடல் கடந்து போய் விலை பெற்றது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் அந்தத் தொழில் ஆலைகளாக நிற்கிறது. தெருமுனையில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தத் தோல் நீளும், எது வெடிக்கும், வார் எந்த இடத்தில் அறும், எத்தனை தையல் தாங்கும் என்று தெரியும். நாம் அவரிடம் போய் நிற்பது ‘வார் அறுந்துபோச்சு, தைச்சுக் குடுங்க அண்ணே’ என்றுதான். அந்தப் பேச்சில் செருப்பு, வார், தோல், தையல் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. ஒன்றை உருவினால் மற்றதும் தளரும்.

பெயரை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மையில் ஓர் உதாரணம் நடந்தது. 2025 ஜூனில் மிலன் நகர ஆடை அலங்கார அணிவகுப்பில் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பை அப்படியே ஒத்த ஒன்றைக் காட்டியது. வெறும் தோல் செருப்பு என்று மட்டும் குறிப்பிட்டது. கோலாப்பூர் என்ற பேச்சில்லை. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலுமாக எட்டு மாவட்டத்துக் கைவினைஞர்களுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பொருள் அது. எதிர்ப்பு எழுந்தது. இந்தியக் கைவினை மரபிலிருந்து எடுத்ததுதான் என்று நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அங்கே எழுந்த கோபத்தின் காரணம் என்ன? பெயரை விட்டுவிட்டால் செய்தவர்களும் விடுபட்டுப் போகிறார்கள் என்பதுதான். செருப்புக்குத் தங்கள் சொல்லான ‘சப்பல்’ என்பதைச் சொல்ல அந்தக் கைவினைஞர்கள் வெட்கப்படவில்லை. அந்தப் பெயரைக் கொடு என்று கேட்டார்கள். நாமோ, யாரும் பிடுங்காமலே நம் பெயரை நாமே விட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோயிலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் செருப்பை விட்டுத்தானே போகிறோம், அது தாழ்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி அல்லவா என்று கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும். தெருவின் அழுக்கு உள்ளே வரக் கூடாது என்று விடுகிறோம். நனைந்த குடையையும் வாசலில்தான் சாய்த்து வைக்கிறோம். குடை என்ற சொல்லுக்கு யாரும் வேறு பெயர் தேடவில்லை. இராமநாதபுரத்துத் தடையில் செருப்புக்குப் பக்கத்தில் நின்ற அதே குடைதான். குடைக்குத் தோலின் சாதி ஒட்டவில்லை, செருப்புக்கு ஒட்டியது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆசிரியர்களிடமும் இதழாசிரியர்களிடமும் நான் கேட்பது ஒன்று. ‘அப்பா என்ன வேலை செய்கிறார்’ என்று வகுப்பில் கேட்கும்போது ‘செருப்புத் தைக்கிறார்’ என்று ஒரு குழந்தை சொன்னால், அதைக் ‘காலணி’ என்று திருத்தாதீர்கள். திருத்துகிறவர் நல்லெண்ணத்தோடுதான் திருத்துகிறார். ஆனால் தன் அப்பாவின் தொழிலுக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயர் ஒன்று இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்கு முதன்முதலாகத் தெரிவிப்பவர் அவராகிவிடுகிறார். அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதி, கீழே கண்ணப்பரையும் குகனையும் எழுதி, ‘எங்கே, நீங்களும் செருப்பு வருகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லுங்கள்’ என்று வகுப்பு முழுவதையும் கேளுங்கள்.